கார்பன் ஃபைபர் கைப்பிடி மடக்குக் கத்தி: எண்ணெய் எங்கே போடணும், எங்கே போடக்கூடாது

"கார்பன்னு போட்டிருக்குண்ணா, துருப்பிடிக்குமாமே?" என்று கேட்டுக்கொண்டே என் சித்தப்பா மகன் ஒரு மடக்குக் கத்தியை நீட்டினான். கைப்பிடி முழுக்கத் தேங்காய் எண்ணெய், வாங்கும்போதே கையில் வழுக்கியது. கார்பன் கத்தி என்றால் தினமும் எண்ணெய் பூசணும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், இவனும் ஒரு மாதமாகக் கைப்பிடிக்கு எண்ணெய்க் குளியல் நடத்தியிருக்கிறான். அலகைத் திறந்து பார்த்தேன். என்றைக்கோ நறுக்கிய எலுமிச்சையின் சாறு முனையோரமாகக் காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது, அதை மட்டும் துடைக்கவே இல்லை.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. 'கார்பன்' என்ற ஒரே சொல்லை இரண்டு பொருளுக்கு வைத்துக்கொண்டு, எது எதற்கு என்று சொல்லாமலே எல்லோரும் பேசுகிறோம். ஒருத்தர் துருப்பிடிக்கும் என்பார், இன்னொருத்தர் ராக்கெட்டில் போடுகிற பொருள், ஒன்றும் ஆகாது என்பார். இரண்டு பேர் சொல்வதும் பாதி சரிதான், வெவ்வேறு பொருளைப் பற்றிச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

## அலகில் ஒரு கார்பன், கைப்பிடியில் ஒரு கார்பன்

முதலில் அலகு. எஃகு என்பதே இரும்பில் கொஞ்சம் கார்பன் கலந்ததுதான். கார்பன் இல்லாவிட்டால் கத்திக்குத் தேவையான கடினம் வராது. ஆகவே எந்த எஃகுக் கத்தியை எடுத்தாலும் அதன் அலகில் கார்பன் இருக்கும். குரோமியம் அதிகம் சேர்க்காத எஃகைத்தான் கடைக்காரர்கள் கார்பன் ஸ்டீல் என்கிறார்கள். பாட்டி வீட்டு அரிவாள்மணை அந்த வகைதான். வாழைக்காய் நறுக்கினால் கறுக்கும், ஈரத்தோடு வைத்தால் மறுநாள் காலையில் செம்மண் நிறத்தில் துரு பூத்திருக்கும்.

குரோமியம் ஏறத்தாழ 10.5 சதவீதத்தைத் தாண்டினால் அது ஸ்டெயின்லெஸ், அதாவது துரு சுலபத்தில் ஏறாத எஃகு. குரோமியம் காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகி மேற்பரப்பை மூடிக்கொள்கிறது. இங்கே வேடிக்கை ஒன்று இருக்கிறது. கார்பன் ஸ்டீல் என்று பெயர் எடுத்த 1095 எஃகில் கார்பன் சுமார் 0.95 சதவீதம். விலை உயர்ந்த மடக்குக் கத்திகளில் வருகிற எஸ்30வி என்ற ஸ்டெயின்லெஸ்ஸிலோ சுமார் 1.45 சதவீதம். பெயரில் கார்பன் இல்லாததில்தான் கார்பன் கூட! துருவைத் தடுப்பது அதிலுள்ள 14 சதவீத குரோமியம்.

நடுவில் டி2 என்று ஒரு எஃகு உண்டு, நடுத்தர விலைக் கத்திகளில் நிறையப் பார்க்கலாம். அதில் குரோமியம் 12 சதவீதம் இருந்தும் துரு வரும், ஏனென்றால் அந்த குரோமியத்தில் ஒரு பகுதி கார்பனோடு கட்டுண்டு போய்விடுகிறது, படலம் கட்ட மிஞ்சுவது குறைவு.

கைப்பிடியிலுள்ள கார்பன் ஃபைபர் முற்றிலும் வேறு சமாச்சாரம். கார்பன் இழைகளைப் பிசினில் தோய்த்து இறுக வைத்த தகடு அது. அதில் இரும்பே கிடையாது, அப்புறம் துரு எங்கிருந்து வரும்?

பிரான்சில் 1890 முதல் செய்யப்பட்டு வரும் ஓபினெல் மடக்குக் கத்தியின் ஒரு வகைக்குக் கார்பன் என்றே பெயர். அதன் கைப்பிடி மரம், அலகு துருப்பிடிக்கிற எஃகு. எஸ்30வி அலகும் கார்பன் ஃபைபர் கைப்பிடியும் உள்ள கத்தி இதற்கு நேர் எதிர். இரண்டையும் 'கார்பன் கத்தி' என்றே கூப்பிட்டால் பராமரிப்பு ஆலோசனை இடம் மாறித்தான் போகும்.

இதுவரை பார்த்ததில் ஞாபகம் வைக்க வேண்டியது: துரு பற்றிய கேள்விக்குப் பதில் அலகின் எஃகுப் பெயரில் இருக்கிறது. கைப்பிடியைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது.

## வைக்கோல் போட்ட மண் சுவர்

ஊரில் மண் சுவர் வைக்கும்போது களிமண்ணில் வைக்கோலை வெட்டிப் போட்டு மிதிப்பார்கள். மண் மட்டும் என்றால் காய்ந்ததும் வெடிக்கும், வைக்கோல் மட்டும் என்றால் நிற்கவே நிற்காது. சேர்ந்தால் சுவர். இப்படி இரண்டு பொருள் தம் குணம் மாறாமல் கூட்டுச் சேர்ந்து வேலை செய்வதைக் கூட்டுப்பொருள் என்கிறோம். கார்பன் ஃபைபர் தகடும் அதே யோசனைதான். இழை வைக்கோல், எபாக்சி என்ற கெட்டிப் பிசின் களிமண்.

நூலை இழுத்துப் பார்த்தால் பலம் தெரியும், அதே நூலைத் தள்ளிப் பார்த்தால் மடங்கிவிடும். கார்பன் இழையும் நூல்தானே, இழுவையை அசாத்தியமாகத் தாங்கும், தனியாக நிற்கச் சொன்னால் நிற்காது. பிசின் அதை நேராகப் பிடித்து, ஒரு இழை வாங்கும் சுமையைப் பக்கத்து இழைகளுக்கும் பகிர்ந்து கொடுக்கிறது.

இழை எப்படி வருகிறது என்பதற்கு ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் போட்டிருக்கிற கரிமூட்டத்தை நினைத்துக்கொண்டால் போதும். சீமைக்கருவேல விறகை அடுக்கி, மேலே மண் பூசி, காற்று போகாமல் உள்ளே புகையவிடுவார்கள். காற்று இருந்தால் சாம்பல்தான் மிஞ்சும், இல்லாததால் விறகின் வடிவம் கலையாமல் கரி கிடைக்கிறது. கார்பன் ஃபைபரில் விறகுக்குப் பதிலாக நூல். ஸ்வெட்டர் பின்னுகிற அக்ரிலிக் நூலுக்கு நெருங்கிய சொந்தமான ஒரு செயற்கை இழையை முதலில் 200 முதல் 300 டிகிரிச் சூட்டில் காற்றிலேயே பதப்படுத்துவார்கள். அப்புறம் ஆக்ஸிஜன் இல்லாத உலையில் 1000 டிகிரிக்கு மேல் சுடுவார்கள். கடைசியில் நிற்பது கிட்டத்தட்ட வெறும் கார்பன், தடிமன் 5 முதல் 7 மைக்ரான். தலைமுடியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் தேறும்.

எடிசன் 1880 வாக்கிலேயே பருத்தி நூலையும் மூங்கிலையும் கரியாக்கி பல்பு இழை செய்தார், அது விளக்கு எரியத்தான் உதவியது. பலமான கார்பன் இழை அமெரிக்காவில் ரோஜர் பேக்கன் கையில் 1958இல் சிக்கியது. அக்ரிலிக் வழியை 1960 வாக்கில் ஜப்பானில் அகியோ ஷிண்டோ காட்டினார். இன்றைக்குச் சந்தையில் ஓடுவது பெரும்பாலும் அந்த அக்ரிலிக் வழி.

கைப்பிடியில் தெரியும் கட்டம் நெசவுதான், தறியில் பார்க்கிற அதே பாவும் ஊடையும். ஒன்று விட்டு ஒன்று போனால் பாய் மாதிரிக் கட்டம். இரண்டு மேலே இரண்டு கீழே என்று ஒவ்வொரு வரிக்கும் ஒன்று தள்ளிப் போனால் ஜீன்ஸ் துணியில் வருகிற சாய்கோடு. நெய்யாமல் இழையைத் துண்டு துண்டாக வெட்டிப் பிசினோடு அச்சில் அழுத்தினால் பளிங்குக் கல் மாதிரி மேகமேகமாக வரும், லம்போர்கினி 2010இல் ஒரு காரில் அதைக் காட்டிய பிறகு கத்திகளிலும் பரவியது. எனக்கு அந்த மேகம் பிடிக்காது, அது ருசி சார்ந்த விஷயம், விடுங்கள்.

## அப்பளமும் பரோட்டாவும்

'எஃகைவிட ஐந்து மடங்கு பலம்' என்று விளம்பரத்தில் பார்த்திருப்பீர்கள். எதில் பலம் என்று கேட்டால் சத்தம் வராது. இரண்டு குணத்தைப் பிரித்துப் பார்க்கணும். விறைப்பு என்பது வளைய மறுப்பது. தாக்குப்பிடிப்பு என்பது அடி வாங்கியும் உடையாமல் இருப்பது. பொரித்த அப்பளம் விறைப்பானது, வளைக்கப் பார்த்தால் நொறுங்கும். ரப்பர் செருப்பில் விறைப்பே இல்லை, ஆனால் எத்தனை அடித்தாலும் உடையாது.

கார்பன் ஃபைபர் தகடு அதன் எடைக்கு மிக விறைப்பு. எஃகு உடைவதற்கு முன் வளைந்து ஒரு எச்சரிக்கை கொடுக்கும். கார்பன் ஃபைபர் கொடுக்காது, எல்லை வரை அசையாமல் இருந்துவிட்டு ஒரேயடியாக விரியும்.

இன்னொரு பலவீனம் அதன் அடுக்குகள். துணிமேல் துணியாக அடுக்கிப் பிசின் ஊற்றியதுதானே. துணியின் திசையில் இழுத்தால் இழை தாங்கும், அடுக்குக்கு அடுக்கு பிரிக்கப் பார்த்தால் நடுவில் தடுப்பது பிசின் மட்டும்தான். பரோட்டாவைக் குறுக்கே கிழிப்பது கஷ்டம், ஏடு ஏடாகப் பிரிப்பது சுலபம் என்பது சாப்பிடுகிற எல்லோருக்கும் தெரியும். டைல்ஸ் தரையில் கத்தி மூலை குத்தி விழுந்தால் கைப்பிடி இரண்டாக உடைவதில்லை, விழுந்த மூலையில் சிறு சில்லு பெயரும், ஓரத்தில் ஏடு கிளம்பும்.

ஒரு மடக்குக் கத்திக்கு இந்த விறைப்பு தாராளமாகப் போதும். பெயிண்ட் டப்பா மூடியை நெம்பவும் ஆணி பிடுங்கவும் அதை எடுத்தால் கைப்பிடிக்கு முன்னால் அலகு முனையோ, திறந்த அலகை மடங்காமல் பிடிக்கிற பூட்டோ போய்விடும்.

சுருக்கமாக, கார்பன் ஃபைபர் விறைப்பானது, ஆனால் குத்தும் அடிக்கும் ஓரத்தில் படும் இடிக்கும் பயப்படணும்.

## எடைக் கணக்கைப் போட்டுப் பார்த்தால்

'எடையே இல்லை' என்பது அடுத்த பேச்சு. கணக்குப் போடலாம். 100 மி.மீ. நீளம், 25 மி.மீ. அகலம், 3 மி.மீ. தடிமனில் இரண்டு பக்கத் தகடு என்றால் மொத்தம் 15 கன சென்டிமீட்டர். எஃகில் செய்தால் 117 கிராம், டைட்டானியத்தில் 67, அலுமினியத்தில் 40, கார்பன் ஃபைபரில் 24. அடேயப்பா என்று தோன்றும். ஆனால் கார்பன் இழைக்குப் பதில் கண்ணாடி இழை போட்ட ஜி10 என்ற தகட்டில் செய்தாலே 28 கிராம்தான் வரும். நான்கு கிராம் வித்தியாசம்! கண்ணாடி இழை கலந்த நைலான் அச்சுக் கைப்பிடி, அதாவது பலர் 'பிளாஸ்டிக்' என்று முகம் சுளிக்கிற மலிவுக் கைப்பிடி, சுமார் 20 கிராம். கார்பன் ஃபைபரையே தோற்கடிக்கிறது.

அப்படியானால் கூடுதல் காசு எதற்கு? அழகுக்கு, கொஞ்சம் விறைப்புக்கு, அப்புறம் வெட்டுகிற கஷ்டத்துக்கு. கார்பன் இழை வெட்டுக்கருவிகளைச் சீக்கிரம் தேய்த்துவிடும், தூசியை உறிஞ்சி எடுக்கத் தனி ஏற்பாடு வேண்டும். அழகுக்குக் காசு கொடுப்பதில் தப்பில்லை, நானே கொடுத்திருக்கிறேன். ஆனால் 'எடைக்காகத்தான் வாங்கினேன்' என்று வீட்டில் சொல்லாதீர்கள், தராசு காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு குறையும் உண்டு. பளபளவென்று மெருகேற்றிய கார்பன் ஃபைபர் ஈரக்கையில் வழுக்கும். மாம்பழம் நறுக்கிப் பார்த்தால் தெரியும், சொரசொரப்பான ஜி10 அந்த நேரத்தில் எவ்வளவோ தேவலை.

## அசலா, ஒட்டுப்படமா

பிளாஸ்டிக்மேல் கட்டம் அச்சடித்து விற்பதும் நடக்கிறது. கைப்பிடியை ஜன்னல் வெளிச்சத்தில் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். அசல் நெசவில் ஒளி ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குத் தாவும், ஒரு கணம் கறுத்தது மறுகணம் மின்னும், பட்டுச் சேலை மடிப்பில் நிறம் மாறுகிற மாதிரி. அச்சில் எப்படிச் சாய்த்தாலும் எல்லாம் ஒன்றாகவே மின்னும்.

அடுத்து ஓரத்தைப் பாருங்கள். முழுத் தகடு என்றால் ஓரத்திலும் கருப்பு அடுக்குகள் வரிவரியாகத் தெரியும். மேலே மட்டும் மெல்லிய கார்பன் ஏடு, கீழே ஜி10 என்றால் அந்த எல்லைக்கோடு கண்ணில் படும். இது ஏமாற்று வேலை கிடையாது, பெரிய கம்பெனிகளும் வெளிப்படையாகச் சொல்லியே இப்படிச் செய்கின்றன. சொல்லாமல் முழு விலை வாங்கினால்தான் தப்பு.

கைவசம் மல்டிமீட்டர் இருந்தால் இன்னொரு சோதனை. கார்பன் மின்சாரம் கடத்தும், பிசின் கடத்தாது. எனவே பளபளப்பான மேற்பரப்பில் முனைகளை வைத்தால் மீட்டர் பேசாமல் இருக்கலாம். வெட்டுப்பட்ட ஓரத்தில் இழைமுனை வெளியே தெரியும் இடமாகப் பார்த்து அழுத்தி வையுங்கள், எண் வரும். பிளாஸ்டிக்கில் எங்கே வைத்தாலும் வராது.

## பராமரிப்பில் பெரும்பகுதி மூட்டுக்கு

கைப்பிடிக்குத் தேவை சோப்புத் தண்ணீர், பழைய டூத் பிரஷ், துடைக்க ஒரு துணி. அவ்வளவுதான். மங்கலான மெருகு உள்ளது நாள்பட வெளுத்த மாதிரி தெரிந்தால் ஒரு சொட்டு எண்ணெயைத் தேய்த்து நன்றாகத் துடைத்துவிடலாம், கருமை திரும்பும், வேறு பலன் இல்லை. நெயில் பாலிஷ் ரிமூவரில் ஊறவைக்க வேண்டாம். வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டில் மாதக்கணக்கில் போட்டும் வைக்க வேண்டாம். வெயிலும் சூடும் கார்பனை ஒன்றும் செய்யாது, மேலே இருக்கிற பிசினைத்தான் மஞ்சளாக்கும், மங்கவைக்கும்.

ஒரே ஒரு கண்டிப்பான எச்சரிக்கை: கீறலைப் போக்குகிறேன் என்று உப்புத்தாள் வைத்து உலர்வாகத் தேய்க்காதீர்கள். அந்தக் கருப்புத் தூசி தோலில் குத்தி அரிக்கும், கண்ணுக்கும் நுரையீரலுக்கும் ஆகாது. கட்டாயம் தேய்க்கணும் என்றால் தண்ணீர் ஊற்றி ஈரமாக, முகக்கவசம் போட்டுக்கொண்டு செய்யுங்கள். பக்கத்தில் லேப்டாப் வேண்டாம், தூசி மின்சாரம் கடத்தும் என்று இப்போதுதானே பார்த்தோம்.

உண்மையான வேலை மூட்டில் இருக்கிறது. அலகு சுழலும் இடத்தில் ஒரு பெரிய திருகு, அதன் இருபக்கமும் மெல்லிய வாஷர். சட்டைப்பை நூல்தூசி, மணல், பழச்சாறு எல்லாம் கடைசியில் அங்கேதான் போய்ச் சேரும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பத்துப் பதினைந்து முறை மெதுவாகத் திறந்து மூடி, தண்ணீரை உதறி, காயவிட்டு, வாஷர் ஓரத்தில் ஒரே ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். இரண்டாவது சொட்டு தூசியைக் கூப்பிடத்தான் உதவும்.

என்ன எண்ணெய்? தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். நாள்பட்டால் பிசுபிசுக்கும், 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும், டிசம்பரில் பெங்களூரில் கத்தி திறக்காமல் அடம்பிடிக்கும். தையல் மெஷின் எண்ணெய் நல்லது. சாப்பாட்டுப் பொருள் நறுக்குகிற கத்தி என்றால் மருந்துக்கடையில் மலச்சிக்கலுக்கு விற்கிற வாசனை சேர்க்காத லிக்விட் பாராஃபின் கேளுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

பூட்டு இருக்கிறதே, அதற்கு எண்ணெய் போடாதீர்கள். பல கத்திகளில் கைப்பிடிக்கு உள்ளே ஒரு வில்தகடு இருக்கும், அலகு திறந்ததும் அது நகர்ந்து அலகின் பின்முனையில் முட்டிக்கொள்ளும். அதற்கு லைனர் லாக் என்று பெயர். முட்டுகிற இடத்தில் எண்ணெய் இருந்தால் தகடு வழுக்க வாய்ப்புண்டு, வழுக்கினால் அலகு விரல்மேல் மடங்கும்.

## உப்பு, வியர்வை, பேட்டரிக் கட்டை

சின்ன வயதில் தீர்ந்துபோன டார்ச் பேட்டரியை உடைத்து நடுவிலிருந்த கருப்புக் குச்சியை எடுத்துச் சுவரில் கிறுக்கியிருப்பீர்கள். அந்தக் குச்சி கார்பன், வெளிக்கூடு துத்தநாகம். பேட்டரி வேலை செய்யச் செய்யக் கரைவது துத்தநாகம்தான், குச்சி அப்படியே இருக்கும். கார்பனும் உலோகமும் தொட்டுக்கொண்டு, நடுவில் உப்புத் தண்ணீரும் இருந்தால் கிட்டத்தட்ட இதே கதை, உலோகம்தான் அரிபடும். இதை மின்வேதி அரிப்பு என்கிறார்கள். விமானங்களில் அலுமினியத்தையும் கார்பன் ஃபைபரையும் நேரடியாகத் தொடவிடாமல் நடுவில் கண்ணாடி இழை ஏடு வைப்பது இதனால்தான்.

கத்தியில் இது பெரிய ஆபத்து இல்லை, பிசின் பெரும்பாலும் இழையை மூடியே வைத்திருக்கிறது. ஆனால் திருகு போகும் துளையில் இழைமுனைகள் வெளியே தெரியும். கடற்கரைக் காற்று, வியர்வையில் ஊறிய பாக்கெட் என்று மாதக்கணக்கில் போனால் எஃகுத் திருகின் தலையைச் சுற்றிப் பழுப்புப் புள்ளி வரலாம். பார்க்கிறவர்கள் 'கார்பன் துருப்பிடிக்கிறது' என்பார்கள். துருப்பிடித்தது திருகு. கடலுக்குப் போய் வந்தால் நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்தால் போதும், டைட்டானியத் திருகு என்றால் அந்தக் கவலையும் இல்லை.

## திருகு, சாணை

திருகைப் பற்றி நான் பட்டதைச் சொல்கிறேன். என் முதல் கார்பன் ஃபைபர் கத்தியைப் பிரித்துச் சேர்க்கும்போது 'நல்லா இறுகட்டும்' என்று கால் சுற்று கூடுதலாக முடுக்கினேன். டிக் என்று ஒரு சின்னச் சத்தம். திருகுத் தலையைச் சுற்றி மயிரிழை மாதிரி வெண்கோடு, இன்றைக்கும் இருக்கிறது. அழுத்தத்தில் பிசின் நசுங்கி விரிந்துவிட்டது, மரை உள்ளே எஃகுத் தகட்டில் இருப்பதால் திருகுக்கு ஒன்றும் ஆகவில்லை. கையில் நட்சத்திரத் தலைத் திருப்புளி, பெரும்பாலும் டி6 அல்லது டி8 அளவு, இரண்டே விரலில் பிடித்து முடுக்குங்கள், நின்றதும் நிறுத்துங்கள். தானாகக் கழன்று வருகிறது என்றால் நீல நிறத் திருகுப் பசை ஒரு துளி போதும். சிவப்பு வேண்டாம், அதைக் கழற்றச் சூடு வைக்கணும், சூடு பிசினுக்கு ஆகாது.

சாணைக்குத் தெருவில் வருகிற சக்கரத்தில் கொடுக்காதீர்கள். அரிவாள்மணைக்கு அது சரி. மெல்லிய அலகு அந்த வேகத்தில் சூடேறி முனையோரம் நிறம் மாறினால் அந்த இடத்தின் கடினம் போய்விட்டது என்று அர்த்தம். தட்டையான சாணைக்கல்லில், பக்கத்துக்கு 20 டிகிரிக்குள் சாய்த்து, கையால் தீட்டுங்கள். தீட்டும்போது கைப்பிடியில் கல்சேறு படாமல் ஒரு சுற்று டேப் ஒட்டிக்கொள்ளலாம்.

தம்பி கத்திக்கு அன்றைக்கே சோப்புக் குளியல் நடந்தது. கைப்பிடி எண்ணெய் போக மூன்று முறை தேய்க்க வேண்டியிருந்தது. எலுமிச்சைக் கறையை எடுத்துப் பார்த்தால் கீழே ஊசிமுனை அளவில் இரண்டு புள்ளி அரிப்பு, அலகு டி2, ஆச்சரியமில்லை. மூட்டில் ஒரு சொட்டு விட்டதும் கட்டைவிரலில் தள்ளினாலே திறந்தது.

அவன் அடுத்த மாதம் படிக்க இங்கிலாந்து போகிறான். கத்தியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போகலாமா என்று கேட்டான். கைப்பையில் வைத்தால் விமான நிலையத்திலேயே பிடுங்கிவிடுவார்கள், ஏற்றிவிடும் பெட்டியில் போகும். ஆனால் அங்கே தக்க காரணம் இல்லாமல் பொது இடத்தில் பாக்கெட்டில் வைத்துக்கொள்ள முடிவது 3 அங்குலத்துக்கு மேல் போகாத, பூட்டு இல்லாத மடக்குக் கத்தியை மட்டும்தான். இவன் கத்தியில் லைனர் லாக். "அப்போ நீங்களே வெச்சுக்கோங்கண்ணா, எண்ணெய் மட்டும் போடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.